சிவனேஸ்வரி பேரில் ஒரு லினக்ஸ்

“பேர் கேக்குது அண்ணை. ஆரின்ர பேரைப் போட?” திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான் பிரதாபன்.

மயில்வாகனம் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். பிரதாபன் மாங்குளம் சந்தியில் போன் திருத்துகிறவன். செத்துக் கிடந்த மடிக்கணினியில் லினக்ஸ் என்ற புது இயங்குதளத்தைப் போட்டு உயிர் கொடுக்க வந்திருந்தான். அதுவரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. பேர் கேட்டதும் மயில்வாகனத்துக்குச் சந்தேகம் பிடித்துவிட்டது.

“காசு கேட்டதோ?”

“இல்லை. லினக்ஸ் சும்மாதான். ஆரும் எடுக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், மாத்தலாம், மற்றவைக்கும் குடுக்கலாம்.”

“செய்தவன் ஒண்டும் சொல்ல மாட்டானோ?”

“செய்தது ஒருத்தன் இல்லை அண்ணை. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான பேர்.”

“அப்ப ஆயிரம் பேர் வருவாங்கள்.”

இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் உண்டு. போர் முடிந்து மீளக் குடியேறிய புதிதில் ஒரு தொண்டு நிறுவனம் சும்மா கோழி தந்தது. பேர் பதிந்தது. கொஞ்ச நாளில் கோழி எண்ண வந்தது. அதற்குள் கோழிகள் குழம்பாகியிருந்தன. பக்கத்து வளவில் இரவல் வாங்கிய கோழிகளோ, படம் எடுக்கும் நேரம் பார்த்து வேலி தாண்டித் தங்கள் வீட்டுக்கு நடந்தன. வந்த பெண்பிள்ளை அதையும் படம் எடுத்தாள். மலசலகூடம் தந்தவர்கள் கதவின் உட்பக்கத்தில் தங்கள் சின்னத்தை அடித்துவிட்டுப் போனார்கள். இன்றைக்கும் அவர் அதைப் பார்த்தபடிதான் இருக்கிறார்.

இங்கேயும் ஒரு சின்னம் இருந்தது. பிரதாபன் செருகியிருந்த பென்ட்ரைவில், வயிறு தள்ளிய ஒரு பறவை.

“இது ஆர்?”

“பென்குயின். லினக்ஸின்ர அடையாளம்.”

“பாத்தியோ!” என்றார் மயில்வாகனம்.

அவர் ஊர் விவசாயிகளின் கமக்காரர் அமைப்பில் செயலாளர். அவரைவிட நெல்லில் நல்ல விளைச்சல் கண்டவர்கள் அந்த வாய்க்கால் நெடுக இருந்தார்கள். கணினி கண்டவர் அவர் ஒருவர்தான். பதவி வந்த வழி அது. வருகிற ஞாயிறு பொதுக்கூட்டம், பதவிகளுக்கு மறுபடி தெரிவு. இந்த நேரத்தில் முகம் தெரியாதவன் ஒருவனிடம் பேர் கொடுத்து மாட்டிக்கொள்ள அவருக்கென்ன விசரா?

“சிவனேஸ்வரி எண்டு போடு,” என்றார். குசினிப் பக்கம் திரும்பி, “இஞ்சேரும், ஒருக்கா வாரும். கணினி உம்மட பேரிலை இருக்கட்டும்.”

மனைவி சிவனேஸ்வரி கையைத் துடைத்தபடி வந்தாள். “என்ன திடீரெண்டு என்னிலை பாசம்?”

“சும்மாதான்.”

“சும்மா எண்டால் பயப்பிடுற ஆளெல்லோ நீங்கள்.”

“அக்கா, ஒரு பாஸ்வேட் அடியுங்கோ,” என்றான் பிரதாபன்.

அவள் அடித்தாள். மயில்வாகனம் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். நாளைக்கு விசாரணை வந்தால் தெரியாது என்று உண்மையாகவே சொல்லலாம்.

“உங்களுக்கும் தனியா ஒரு கணக்குப் போடுறன் அண்ணை. என்ன பேர்?”

“என்ர பேர் வேண்டாம். ஆரோ எண்டு போடு.”

அன்றிலிருந்து அந்தக் கணினியில் இரண்டு பேர் இருந்தார்கள். சிவனேஸ்வரி. ஆரோ.

கணினி பறந்தது. முந்தி பொத்தானை அமத்திப்போட்டு மாட்டுக்குத் தண்ணி வைத்துவிட்டு வரலாம். இப்போது கையை எடுக்கமுன் கண் விழித்தது. வைரஸ் இல்லை. பத்து நிமிசத்துக்கொருமுறை காசு கட்டச் சொல்லி வந்த எச்சரிக்கையும் இல்லை. மயில்வாகனத்துக்கு நித்திரை வரவில்லை. இந்தப் பழசு இவ்வளவு வேகமாக ஓடுகிறதென்றால் பின்னால் நின்று யாரோ தள்ளுகிறார்கள். தமிழில் வேறு கதைக்கிறது. சும்மா தருகிறவன் தமிழும் படித்துக்கொண்டு வந்திருக்கிறான் என்றால் திட்டம் பெரிது.

குறையும் இருந்தது. அவர் வழக்கமாக விளையாடுகிற சீட்டு அதில் இல்லை. பிரிண்டரை அது கண்டுகொள்ளவே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கூட்ட அறிவித்தல் அச்சடிக்க வேண்டும். பிரிண்டரைச் சேர்க்கப் போனார். ஒரு பெட்டி எழும்பி வந்தது. அனுமதி தேவை. சிவனேஸ்வரியின் கடவுச்சொல்லைத் தரவும்.

தன் பேரை அடித்துப் பார்த்தார். பிழை. மகள் தேனுகாவின் பேர். பிழை. மாமியாரின் பேர், மனமில்லாமல். அதுவும் பிழை. மீண்டும் முயற்சிக்கவும் என்று ஒவ்வொரு முறையும் அது மரியாதையாகச் சொன்னது.

“இஞ்சேரும்! இது என்னை உள்ளுக்கு விடுகுதில்லை.”

“ஓம், விடாது. வீட்டுக்காரி நான். நீங்கள் ஆரோ.”

“விளையாடாதையும். பரமேஸ்வரன் வரப்போறான்.”

“போன போகத்துக்கு அமைப்பின்ர கடிதமெல்லாம் ஆர் அடிச்சது?”

“நீர்தான்.”

“அந்த நேரம் நீங்கள் என்ன செய்தனீங்கள்?”

“சீட்டு…”

படலையில் மோட்டார் சைக்கிள் நின்றது. அமைப்பின் தலைவர் பரமேஸ்வரன். “செயலாளர்! நோட்டீஸ் ரெடியோ?”

“ஓம் அண்ணை, வாங்கோ!” என்றாள் சிவனேஸ்வரி.

மயில்வாகனம் எழும்பி இடம் விட்டார். அவள் இருந்து, இரண்டு கையாலும் கடகடவென்று எதையோ அடித்தாள். பிரிண்டர் செருமியது. ஒரு தாள் வந்தது. அதோடு நின்றது.

பரமேஸ்வரன் தாளைத் தூக்கிப் பார்த்தார். “மிச்சம்?”

“வரும் அண்ணை. ஞாயிற்றுக்கிழமை செயலாளருக்கு இவர் என்ர பேரை முன்மொழியப் போறாராம். அதுதான் யோசிச்சுக்கொண்டு இருக்கிறார்.”

பரமேஸ்வரன் மயில்வாகனத்தைப் பார்த்தார். மயில்வாகனம் பிரிண்டரைப் பார்த்தார். பிறகு விசைக்கு மேலே அசையாமல் நின்ற அவளுடைய விரலைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார். “பொம்பிளையளும் முன்னுக்கு வரத்தானே வேணும்.”

“உனக்கு நல்ல மனமடாப்பா,” என்றார் பரமேஸ்வரன். “எழுத்துப்பிழை இல்லாமல் கடிதம் வரத் தொடங்கினபோதே நான் நினைச்சனான்.”

பிரிண்டர் ஓடத் தொடங்கியது.

“இருங்கோ அண்ணை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்,” என்றாள் சிவனேஸ்வரி, கதிரையை விட்டு எழும்பாமல்.

மயில்வாகனம் குசினிக்குள் போய்க் கேத்திலை அடுப்பில் வைத்தார்.