கேள்விக்குறியைப் பொறுக்காத 'காண்க' அண்ணன்

மலேசியா முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், 'பக்கம் 47 காண்க' என்ற மூன்று சொல்லைத் தன் ஜென்ம விரோதியாகக் கருதிய இன்னொரு மனிதரைப் பார்க்க முடியாது. அதனாலேயே அவருக்குக் 'காண்க' அண்ணன் என்று பெயர். ஈப்போவில் ரொட்டி சானாய் கடைக்கு மேல்மாடியில் எங்கள் நூல் வடிவமைப்பு அலுவலகம். முதலாளி மேரி அக்கா. அண்ணன் கணினியில் பக்கம் கட்டுவார், நான் பிழை திருத்துவேன்.

பீடோர் பக்கம் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்து ஆட்கள் ஒன்றுகூடலுக்காக மின்னூல் கேட்டு வந்தார்கள். ஆளுக்கு ஒரு பக்கம் நினைவு. ஒருவர் பக்கத்தில் இன்னொருவரைப் பற்றி வந்தால், அங்கே தட்டியதும் அவர் பக்கத்துக்குத் தாவ வேண்டும். "பக்கம் நம்பர் போட்டு இணைப்பு குடுத்துடலாமே அண்ணே" என்றேன்.

"தோட்டத்துல யாராச்சும் நம்பர் சொல்லி ஆளைத் தேடுவாங்களா லா? அவங்க வாயில எப்படி வருதோ அதான் நீலத்துல இருக்கணும்!"

அப்படியே செய்தார். 'தண்ணித் தொட்டிகிட்ட இருந்த டீச்சர் வீடு' என்று நீல எழுத்து. தட்டினால் டீச்சரே வந்து நிற்பார்.

ஆனால் இணைப்பு சரியாகப் போய்ச் சேர, ஒவ்வொரு பக்கத்துக்கும் உள்ளுக்குள் ஓர் அடையாளம் வைக்க வேண்டும். அண்ணன் 'மூணாம் லயம், ஏழாம் வீடு' என்று வீட்டை வைத்துவிட்டார். லயம் என்கிற அந்தத் தோட்டத்து வரிசை வீடுகளில் ஆட்கள் மாறி மாறிக் குடியிருந்ததை யோசிக்கவில்லை. சோதனைப் பிரதியில் விழாக்குழுத் தலைவர் ஜோசப் அண்ணன் 'என் வீட்டுக்காரி' என்பதை ஆசையாகத் தட்டினார். அவர் மனைவி பிறந்த வீட்டில் அதற்கு முன் குடியிருந்த மரகதம் அக்கா படத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அசல் வீட்டுக்காரி, "ஓ, இவங்கதானா? சொல்லவே இல்லையே!" என்றார். ஜோசப் அண்ணனுக்கு வியர்த்துவிட்டது.

ஒரே நாளில் எல்லா அடையாளத்தையும் ஆள் பெயருக்கு மாற்றினார் அண்ணன். ஒன்று மட்டும் மிஞ்சியது. 'வாய்க்கால் தாண்டித் தூக்கிட்டுப் போற செல்வி அக்கா.' மழை நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை இடுப்பில் தூக்கி அக்கரையில் விட்டவராம். நான்கு பேர் எழுதியிருந்தார்கள். ஆனால் அவருடைய பக்கம் வரவே இல்லை. இணைப்பு போக இடமில்லாமல் கணினி நான்கு இடத்திலும் இரட்டைக் கேள்விக்குறி போட்டது.

மேரி அக்கா பொறுமை இழந்தார். "நீலத்தை எடுத்துட்டு சாதா எழுத்தாப் போடு. சனிக்கிழமை விழா. வெள்ளிக்கிழமை குடுக்கலன்னா வேற ஆள்கிட்ட போயிடுவாங்க."

"நாலு பேரு கதவைத் தட்டுறாங்க. உள்ள ஆள் இல்லன்னா எப்படிக்கா?" என்ற அண்ணன், விடுப்பு எழுதி வைத்துவிட்டு மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிட்டார். பீடோரில் விசாரித்தால் தாப்பா என்றார்கள். தாப்பாவில் சித்தியவான் என்றார்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் அங்கிருந்து அழைத்தார்.

"ஆள் கெடச்சாச்சு! அக்கா சொல்லச் சொல்ல நீ அடி."

பின்னால் ஒரு பெண் குரல்: "என்னைய யாருக்குத் தம்பி ஞாவகம் இருக்கப் போவுது?" அந்த நான்கு இடத்தையும் அண்ணன் கைப்பேசியில் காட்டியிருக்கிறார். அப்புறம் செல்வி அக்கா ஒரு மணி நேரம் அழுதுகொண்டும் சிரித்துக்கொண்டும் பேசினார். அண்ணன் நடுநடுவே, "அங்க கமா போடு" என்று அதட்டினார். மாலை ஆறு மணிக்கு நூல் போய்ச் சேர்ந்தது.

விழாவுக்குச் செல்வி அக்காவும் வந்தார். நான்கு இடத்திலும் நீலத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி எந்த லயம்?" என்று கேட்டார்.

"நான் ஈப்போ டவுன்கா. எனக்கு லயமெல்லாம் இல்ல" என்று சிரித்தார் அண்ணன். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. அத்தனை பேருக்கும் வழி போட்டவருக்கு அதில் ஒரு பக்கம் இல்லையே!

திங்கட்கிழமை ஜோசப் அண்ணனிடம் கேட்டு, மின்னூலின் கடைசியில் ஒரு பக்கம் சேர்த்தேன். நன்றியுரையில் 'எங்களைத் தேடி வந்த எங்க அண்ணன்' என்று நீலம். தட்டினால் இவர்.

பார்த்துவிட்டு, "நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்கு லா" என்றார். நான் தேநீர் வாங்கப் படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். தட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனுஷனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.