தவளைக்கு நாடி பார்த்தவர்

"மணி ஏழே கால் ஆயிடுச்சேம்மா!" என்று பதறிக்கொண்டே லைன்மேன் சட்டைப் பொத்தானை ஒன்று மாற்றிப் போட்டார்.

"ஏழு பத்துதாங்க. அந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முன்னால ஓடுது. அப்படி வச்சதே நீங்கதான்," என்றாள் மனைவி, தையல் மிஷினிலிருந்து தலையை எடுக்காமல்.

"தெரியும். பதறணும்னுதான் வச்சிருக்கேன்."

பாதி டீயைக் குடித்துவிட்டுத் தம்ளரை மிஷின் பலகைமேல் வைத்தார். வட்டமாகக் கறை விழும் என்று அவள் சத்தம் போட்டாள். சாயங்காலம் வந்து துடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். சாயங்காலம் வண்டி மட்டும் வந்தது. அதை ஒரு மினி லாரியில் மல்லாக்கக் கிடத்திக் கொண்டுவந்தார்கள்.

அந்த வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பைக்குக்கு இருப்பது போல ஹேண்டில்பார். டிராக்டருக்குத் தூரத்துச் சொந்தம் போல நாலு தடித்த சக்கரங்கள். சேறு, கல், ஓடை, மேடு எதுவானாலும் ஏறும். கம்பெனிக்காரர்கள் அதற்கு என்னென்னவோ பெயர் வைத்திருந்தார்கள். ஊர் வைத்த பெயர் தவளை. பதுங்கி உட்காரும், தாவும், மழை பெய்தால் கூடுதலாகக் கத்தும். மலையைச் சுற்றி வேலை பார்க்கும் எல்லாரிடமும் ஒரு தவளை இருந்தது. மின்கோபுரங்களைப் பார்வையிடும் லைன்மேன், மாட்டு டாக்டர், குவாரி மேஸ்திரி, எல்லாரிடமும்.

தவளையை வாங்குவது சுலபம். வாங்கிய பிறகுதான் வியாதி பிடிக்கும். டயரை மாற்றலாமா? முன்னால் வின்ச் மாட்டி, சேற்றில் சிக்கினால் கயிறு போட்டு இழுக்கலாமா? அடியில் தகடு போடலாமா? ஒன்றைப் போட்டால் இன்னொன்றுக்குக் கையில் காசு இருக்காது. ஆகவே யோசிக்க வேண்டும். யோசிப்பதோ உடம்பு நோகிற வேலை. நமக்குப் பதிலாக யோசிக்க ஒரு ஆள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

கிடைத்தார். நாடி மாஸ்டர்.

தையலக்கா கடைக்கு நேர் எதிரே அவர் கடை. லைன்மேன் மனைவியை ஊர் அப்படித்தான் கூப்பிடும். வண்டிகளுக்கு சீட்டும் உறையும் தைப்பது அவள் தொழில். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கதவைத் திறந்தால் தெரு முழுக்கத் தவளைகள் வரிசை கட்டி நிற்கும். மாஸ்டர் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வருவார். டாக்டர்கள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பை பெட்ரோல் டேங்கின் மேல் வைப்பார். கண்ணை மூடுவார். இடது புருவம் மட்டும் மெல்ல மேலே ஏறும்.

"பேசுது... வண்டி பேசுது..."

கூட்டம் மூச்சை அடக்கிக்கொள்ளும்.

நிறுத்தி வைத்த இன்ஜினுக்கு ஏது நாடி என்று ஒருமுறை மாட்டு டாக்டர் கேட்டார். "தூங்கறவனுக்கு நாடி இல்லையா டாக்டர்?" என்றார் மாஸ்டர். கூட்டம் கைதட்டியது. மாடு மட்டும் பார்ப்பவருக்கு என்ன தெரியும் என்று டாக்டரை ஏளனமாகப் பார்த்தது. மறுவாரமே மாஸ்டர் கடையின் பலகையில் ஒரு வரி கூடியது: "ஓடாத வண்டி, உறை போட்ட வண்டி, எதுவானாலும் நாடி பார்க்கப்படும்."

வண்டி எதைக் கேட்கிறதோ அதை மாஸ்டர் சொல்வார். அது பக்கத்துக் கடையில் கிடைக்கும். பக்கத்துக் கடை மாஸ்டரின் மச்சானுடையது. வேறு தெருவில் விற்கிற சாமானை இதுவரை எந்தத் தவளையும் கேட்டதில்லை. விவரமான தவளைகள்.

பெரும்பாலும் அவை உயரத்தைக் கேட்டன. அதற்கு லிஃப்ட் கிட் என்று பெயர். குலுக்கலைத் தாங்கும் ஷாக் ஸ்பிரிங்குக்கு மேலே செருகி வண்டியை நாலு விரற்கடை தூக்கிவிடும் சாமான். அதை மாட்டிய தவளைமேல் உட்கார்ந்தால் தெருவே கீழே தெரியும். ஆளுக்கும் ஒரு மிடுக்கு வரும். கூடவே ஹேண்டிலில் ஒரு செப்பு வளையத்தை மாஸ்டர் தன் கையால் கட்டுவார். காவல் வளையம். அது இருக்கிறவரை வண்டி கவிழாதாம்.

லேத் பட்டறைக்காரர் ஒருவர்தான் எதிர்த்துப் பேசினார். ஒரு தீப்பெட்டியைப் பலகைமேல் படுக்கப் போட்டுச் சாய்த்தார். வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதே பெட்டியை நிமிர்த்தி வைத்துச் சாய்த்தார். குப்புற விழுந்தது. "கிட் மாட்டினா வண்டிக்கு அகலம் கூடாது, உயரம் மட்டும் கூடுது. சரிவுல என்ன ஆகும்?" என்றார். இதைச் சும்மா சொன்னார். காசு வாங்காமல் சொன்னதை யார் மதிப்பார்கள்?

லைன்மேனின் தவளையும் உயரம் கேட்டது. கொடுத்தார்கள். எட்டாவது நாள் மலைச்சரிவில் அது கவிழ்ந்தது. வேகமில்லை, வழுக்கவில்லை. தூக்கத்தில் புரண்டு படுப்பது போலப் புரண்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

ஒரு வாரம் கழித்து மாஸ்டர் துக்கம் கேட்க வந்தார். நல்ல கூட்டம் இருக்கும் நேரமாகப் பார்த்து வந்தார்.

"காவல் வளையத்தைக் கழட்டியிருப்பார்மா. நான் அத்தனை தடவை சொன்னேன்."

தையலக்கா வாசலைக் காட்டினாள். நசுங்கிய தவளை அங்கே நின்றது. "அதோ இருக்கு மாஸ்டர், ஹேண்டில்லயே."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "இடப்பக்கம் இருக்கு பாருங்க. வலப்பக்கம் இருக்கணும்."

"கட்டினது நீங்க."

"நான் கட்டும்போது வலப்பக்கம்தான். அப்புறம் வண்டி திரும்பிடுச்சு."

வந்திருந்தவர்கள் தலையாட்டினார்கள். வண்டி திரும்பினால் வலம் இடமாகிவிடும் என்று ஒருவர் பக்கத்திலிருந்தவருக்கு விளக்கம்கூடச் சொன்னார்.

எட்டு மாதம் போனது. லைன்மேன் பார்த்த வேலை தையலக்காவின் தம்பிக்குக் கிடைத்தது. அதே மலை, அதே சரிவு. புதிதாக நீலத் தவளை ஒன்றை வாங்கிக்கொண்டு வந்து அக்கா கடை முன்னால் நிறுத்தினான்.

"திங்கக்கிழமை வேலையில சேரணும்க்கா. ஞாயித்துக்கிழமை மாஸ்டர்கிட்ட நாடி பார்த்து கிட் மாட்டிடலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த கத்தரிக்கோல் நின்றது.

"டேய், மாமாவுக்கு என்ன ஆச்சுன்னு பார்த்தல்ல?"

"மாமா வளையத்தை மாத்திக் கட்டிட்டார்க்கா. நான் ரெண்டு பக்கமும் கட்டிக்கப் போறேன்."

அவள் நூல்கண்டை எடுத்தாள். வெட்டுப்பலகைமேல் அதை நிமிர்த்தி வைத்துச் சாய்த்து, லேத்காரர் செய்ததைச் செய்து காட்டினாள். தம்பி பொறுமையாகப் பார்த்தான்.

"அக்கா, வண்டி வேற, நூல்கண்டு வேற. நூல்கண்டுக்கு நாடி இருக்கா?"

அந்தக் கேள்விதான் அவளைப் பிடித்து உலுக்கியது. நூல்கண்டுக்கு நாடி இருக்கிறதா? கேட்டுப் பார்த்தால் என்ன?

"சரிடா. ஒரு பந்தயம். உறை போட்டு ஒண்ணை நிறுத்தறேன். அது தவளையே இல்ல. மாஸ்டர் நாடி பார்த்து அதைக் கண்டுபிடிச்சிட்டார்னா, உன் வண்டிக்கு நானே கிட் மாட்டி வளையமும் கட்டி விடறேன். கண்டுபிடிக்கலைன்னா?"

"கண்டுபிடிப்பார்க்கா."

"கண்டுபிடிக்கலைன்னா லேத்காரர் சொல்றதைத்தான் மாட்டணும்."

தம்பி சிரித்துக்கொண்டே சம்மதித்தான்.

சனிக்கிழமை மதியம் இருவரும் கடையைச் சாத்திக்கொண்டு வேலை செய்தார்கள். நடுவில் அவளுடைய தையல் மிஷின். முன்னும் பின்னும் இரண்டு ஸ்டூல். ரெக்சின் சுருள்களை மடித்து மட்கார்டு போல வளைத்தாள். மாமாவின் பழைய டயர்கள் நாலையும் மூலைக்கு ஒன்றாகச் சாய்த்து வைத்தார்கள். பழைய ஹேண்டில்பார் ஒன்றை லேத்காரர் கொடுத்தார். டேங்க் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காலித் தகர டின். உருவத்துக்கு உறை போடுவதில் பதினைந்து வருடப் பழக்கம் அவளுக்கு. தார்ப்பாயை இழுத்துக் கட்டித் தைத்தபோது தம்பியே ஒருமுறை பின்னால் போய் நின்று பார்த்தான். சாட்சாத் தவளை.

கடைசித் தையலுக்கு முன் அவள் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி டின்னுக்குள் வைத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"நாடி வேணாமா?"

ஞாயிற்றுக்கிழமை வழக்கம் போலக் கூட்டம். மச்சான் டோக்கன் கட்டோடு வரிசையில் நடந்துகொண்டிருந்தான். ஒவ்வொருவரிடமும் அன்பாக விசாரிப்பான். "என்ன அண்ணே, தவளைக்கு என்ன குறை?" அவர்கள் மனம் விட்டுச் சொல்வார்கள். அவன் டோக்கனைக் கொடுத்து உள்ளே அனுப்புவான். மிஷினை மிதித்துக்கொண்டே எட்டு மாதமாக இதைப் பார்த்துக்கொண்டிருந்தாள் தையலக்கா. ஏற்றத்தில் திணறுகிறது என்றால் டோக்கனில் ஒரு மூலை மடிப்பு. ஹேண்டில் இழுக்கிறது என்றால் இரண்டு மூலை. பத்து நிமிடம் கழித்து அதையே மாஸ்டர் பெட்ரோல் டேங்குக்குள்ளிருந்து கேட்டுச் சொல்வார். "நான் வாயே திறக்கலையே, எப்படித் தெரிஞ்சது!" என்று ஆள் உருகிப் போவார். அவர் மாஸ்டரிடம்தான் வாய் திறக்கவில்லை. மச்சானிடம் மூடவேயில்லை. மச்சானிடமும் பேசாத ஊமைக்கோட்டான்கள் வந்தால், "வண்டி வெட்கப்படுது, அடுத்த வாரம் வாங்க" என்று மாஸ்டர் அனுப்பிவிடுவார்.

"என்னக்கா, நீங்களுமா?" என்றான் மச்சான், வரிசையில் வந்து நின்ற அவளிடம்.

"தம்பி வேலைக்குப் போற வண்டி. ஏத்தத்துல மூச்சு வாங்குது. நடுநடுவுல நின்னு நின்னு போகுது." நூல் அறுந்தால் அந்த மிஷின் அப்படித்தான் நிற்கும். அந்த மட்டில் அவள் பொய் சொல்லவில்லை. "நகர மாட்டேங்குது. மாஸ்டர்தான் வந்து பார்க்கணும். புது உறை, பிரிச்சா தையல் பாழாயிடும்."

மச்சான் ஒரு மூலையை மடித்து, நின்று நின்று போவதற்கு ஓரத்தில் நகத்தால் ஒரு கீறலும் போட்டான்.

புருஷனைப் பறிகொடுத்தவளே தேடி வந்துவிட்டாள் என்றால் மாஸ்டருக்கு அதைவிட விளம்பரம் வேறு உண்டா? தெருவைக் கடந்து வந்தார். கூட்டமும் பின்னால் வந்தது. தம்பி உறைக்குப் பக்கத்தில் நின்றான். மாஸ்டர் வாசலிலேயே சிரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது.

மாஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடினார். புருவம் ஏறியது. திடீரென்று கண்ணைத் திறந்து, உண்மையாகவே ஆச்சரியப்பட்டு, மறுபடி வைத்தார். இத்தனை வருடத் தொழிலில் முதல் தடவையாக அவர் காதில் ஏதோ விழுந்திருந்தது.

"அடடா! என்ன நாடி! என்ன சுத்தம்! நிமிஷத்துக்கு அறுபது, பிசகாம அடிக்குது!"

கூட்டம் சிலிர்த்தது.

"இள ரத்தம். ஆனா பாவம், ஏத்தத்துல மூச்சு வாங்குது. நின்னு நின்னு போகுது."

"அக்கா இவர்கிட்ட சொல்லவே இல்லையே!" என்றார் குவாரி மேஸ்திரி பரவசமாக.

"என்ன கேட்குது மாஸ்டர்?" என்றாள் தையலக்கா.

"உயரம்மா. உயரம் கேட்குது. அழுவுது பாருங்க."

"ஒரு தடவை நல்லா கேட்டுச் சொல்லுங்க. இது தவளைதானே?"

தம்பி மாஸ்டரையே பார்த்தான். சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவது போல இருந்தது அந்தப் பார்வை.

"என்னம்மா கேள்வி இது? இருபது வருஷமா நாடி பார்க்கறேன். இன்ஜின் நம்பரையே சொல்லட்டுமா?"

அவள் கத்தரிக்கோலை எடுத்துக் கழுத்துத் தையலை வெட்டினாள். தார்ப்பாய் சரிந்தது.

இரண்டு ஸ்டூல். ரெக்சின் சுருள். பலகைமேல் வட்டக் கறையோடு ஒரு தையல் மிஷின். அதன்மேல் தகர டின். அவ்வளவு பெரிய கூட்டத்தில் டின்னுக்குள்ளிருந்து டிக் டிக் என்ற சத்தம் மட்டும் கேட்டது.

மாஸ்டர் லேசில் விடுகிற ஆளில்லை. "தையல் மிஷினும் ஒரு எந்திரம்தானே! அதுக்கும் நாடி உண்டு!"

"உண்டு மாஸ்டர், உண்டு," என்றார் மாட்டு டாக்டர். "அதுவும் உயரம் கேட்டு அழுவுதுன்னீங்களே. கிட்டை மாட்டுங்க. அக்கா இனிமே ஏணியில ஏறித் தைக்கட்டும்."

முதலில் குவாரி மேஸ்திரிதான் வெடித்துச் சிரித்தார். பிறகு தெருவே சிரித்தது. தையலக்கா மாஸ்டரின் கையிலிருந்த டோக்கனை வாங்கி மடித்த மூலையைத் தூக்கிக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். ஆளாளுக்குச் சட்டைப் பையைத் துழாவித் தங்கள் டோக்கனை எடுத்துப் பார்த்தார்கள்.

"என்னோடதுல மடிப்பே இல்லையே," என்றார் ஒருவர்.

"உங்களுக்கு என்ன சொன்னார்?"

"வண்டி வெட்கப்படுதுன்னார்."

இப்போது வெட்கம் வேறு பக்கம் போயிருந்தது. மச்சான் கடைக் கதவை இழுத்துச் சாத்தினான். மத்தியானத்துக்குள் பலகையும் இறங்கிவிட்டது. ஒன்று சொல்ல வேண்டும். எல்லாரும் திருந்திவிடவில்லை. கலைந்து போகும்போது ஒருவர், "என்ன இருந்தாலும் நிமிஷத்துக்கு அறுபதுன்னு கரெக்டா சொன்னாரே!" என்று வியந்துகொண்டே போனார்.

தம்பி நீலத் தவளையை லேத் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு போனான். ஆழமாகப் பள்ளம் வெட்டிய நாலு டயர், சக்கரங்களை இருபுறமும் அகலமாகத் தள்ளி நிறுத்தும் வட்டுகள், பாறை தட்டினால் தாங்க அடியில் ஒரு தகடு. அவ்வளவுதான். உயரம் இல்லை, வளையம் இல்லை. திரும்பி வந்து ஸ்டூல்களைப் பழைய இடத்தில் எடுத்து வைத்தான். மாமாவின் டயர்களை ஓரமாக உருட்டி வைத்துக்கொண்டே கேட்டான்.

"இதை மாமாவுக்கு முன்னாடியே செஞ்சு காட்டியிருக்கலாமேக்கா."

"அப்போ எனக்கே தெரியாதுடா," என்றாள். "மாமாவுக்கு மாஸ்டர் மேல நம்பிக்கையே இல்ல. எனக்குப் பயம், அதனால நான்தான் வரிசையில நின்னேன். அடியில கல்லு தட்டுதுன்னு மச்சான்கிட்ட சொன்னதும் நான்தான். என் கண்ணு முன்னாடிதான் மூலையை மடிச்சான்."

மறுநாள் அவள் கடை வாசலில் புதிதாக ஒரு பலகை தொங்கியது. "இங்கே உறை தைத்துத் தரப்படும். உள்ளே என்ன இருக்கிறது என்று நீங்களே தூக்கிப் பார்த்துக்கொள்ளவும்."

டின்னிலிருந்து எடுத்த கடிகாரம் பழைய ஆணிக்கே போனது. திங்கட்கிழமை காலையில் தம்பி அதைப் பார்த்துவிட்டு, "ஏழே கால் ஆயிடுச்சு!" என்று பதறினான். மணி ஏழு பத்து.