வெள்ளைக் கார் மீது நான் தொடுத்த போர்

போரைப் பற்றி இரண்டு வருடம் படித்தவன் நான். தொடுத்தது ஒரே ஒரு போர்தான். அதுவும் கிள்ளானில், என் அக்காவின் நிச்சயதார்த்தத்தன்று, ஒரு வெள்ளைக் காரின் மீது.

அப்போது நான் முதுகலை மாணவன். எந்தப் போர் நியாயமானது என்று பழங்காலத்திலிருந்து அறிஞர்கள் என்னென்ன சொன்னார்கள் என்பது என் ஆய்வு. (இதைப் படித்தால் எங்கே வேலை கிடைக்கும் என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது.)

எங்கள் தாமான் வீடுகளில் விசேஷம் என்றால் வாசல் ரோட்டிலேயே கெமா, அதாவது கூடாரம், போடுவோம். அன்று காலை கூடார லோரி வந்து நிற்கிறது, வாசலில் அந்தக் கார்! எதிர்வீட்டு அங்கிளுடையதுதான் என்று முடிவு கட்டினேன். அவருக்கும் எங்களுக்கும் ஏற்கெனவே பார்க்கிங் தகராறு.

சண்டைக்கு முன் எழுத்தில் எச்சரிக்க வேண்டும் என்பது விதி. எழுதினேன்: "அத்துமீறியவர் நீங்களே. ஒன்பது மணிக்குள் வாகனத்தை அகற்றாவிட்டால் நமக்குள் பகைமை தொடங்கியதாகக் கருதப்படும்." போரைத் தனிமனிதன் அறிவிக்கக் கூடாது, அதிகாரம் உள்ளவர்தான் அறிவிக்கலாம் என்பது இன்னொரு விதி. ஆகவே என் பெயரைப் போடாமல், "இப்படிக்கு, பெண் வீட்டார்" என்று முடித்து வைப்பரில் செருகினேன். அப்படி ஒரு பெருமை எனக்கு!

கார் மாப்பிள்ளையின் தாய்மாமாவுடையது. சுங்கை பூலோவிலிருந்து சீக்கிரமே வந்தவர், எங்களைத் தொந்தரவு செய்ய வேண்டாமென்று மூலைக் கடையில் தே தாரிக் குடிக்கப் போயிருந்தார். காருக்குத் திரும்பியவர், கடிதத்தோடு நேராக அம்மாவிடம் வந்தார்.

"என்னங்க இது? சம்பந்தம் வேணாம்னா போன்ல சொல்லிருக்கலாம் லா!"

அம்மாவின் முகம் வெளிறியது. புடவை கட்டிக்கொண்டிருந்த அக்கா பாதிக் கொசுவத்தோடு ஜன்னலுக்கு ஓடி வந்தாள். "நான்தான் எழுதினேன், அங்கிள்" என்று ஒப்புக்கொண்டு, விதிகளை விளக்கவும் ஆரம்பித்தேன். (வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.)

அம்மா குறுக்கே வந்தார். "அதெல்லாம் இருக்கட்டும். யார் காருன்னு ஒரு வார்த்த கேட்டியாடா?"

வேறு வழியே இல்லாதபோதுதான் போர் என்று அறுபது பக்கம் எழுதியவன் நான். "கேக்கலம்மா."

மாமா கடிதத்தை இன்னொரு முறை படித்தார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். ஜன்னலில் அக்கா அழுதுகொண்டே சிரித்தாள்.

"சரி, சமாதானம். ஆனா ஒரு கண்டிஷன். இனிமே ரெண்டு வீட்டு விசேஷத்துக்கும் பார்க்கிங்க தம்பிதான் பாக்கணும்."

தோற்ற நாடு ஒப்பந்தத்தை மீற முடியுமா? இன்று நான் அதே பாடத்தைக் கல்லூரியில் நடத்துகிறேன். ஆனாலும் விசேஷம் என்றால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிறேன், சந்தோஷமாகத்தான். மாமா வரும்போதெல்லாம் கண்ணாடியை இறக்கி, தெருவுக்கே கேட்கும்படி குரல் கொடுப்பார்:

"பொண்ணு வீட்டாரே, இங்க நிறுத்தலாமா, இல்ல லெட்டர் வருமா?"