புகைக்காரரின் எட்டுப் பேர் சங்கம்

ஜப்பான்காரன் காலத்தில் ஒரு மனிதரைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு அனுப்பி வைத்தேன். அனுப்பியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் எனக்கு இருக்கவில்லை. கோபத்தில் செய்தேன். அந்த மனிதர் நெகிரி செம்பிலான் தோட்டங்கள் அத்தனையிலும் ஒப்பில்லாத புளுகர். இரண்டையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்; அந்தச் சிரிப்புக்குள் என் தவறு ஒளிந்துகொள்ளக் கூடாது.

லாபுவுக்கு உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிக்கூடம் போனவன். அலுவலகத்தில் எழுத்து வேலை. அவர் ரப்பர்த் தகடுகளுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை பார்த்தார். அதனால் புகைக்காரர். சம்பள நாளில் சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். கண்கள் எப்போதும் சிவந்திருக்கும். அவர் மேலிருந்து வீசும் புகை வாடைக்குக் கொசு இரண்டு வீடு தள்ளிப் போய்விடும். அவர் கதை சொல்லும்போது முன்வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை நடந்ததற்குப் பாதிக் காரணம் கதை, பாதிக் காரணம் கொசு.

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில், சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு முன்னால் கதை நடக்கும். எனக்குத் தெரிந்து பல வருஷமாக ஒரே கதைதான். எட்டுப் பேர் கொண்ட ஒரு சங்கம். காசு வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பூதத்தையும் பேயையும் வேட்டையாடுவது அவர்கள் தொழில். ஒருவன் கைதிகளைத் தூக்கில் போடும் தொழிலை விட்டவன். ஒருத்தி செத்துப்போன தம்பியின் மண்டையோட்டைப் பானையில் வைத்துச் சுமந்து, பாதை பிரியும் இடமெல்லாம் அதனிடம் வழி கேட்பாள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்குச் சேர்த்து ஒரே நிழல். ஒருவன் வெயிலில் நின்றால் மற்றவன் உள்ளே இருக்க வேண்டும். இவர்கள் ஊரை இருட்டரசன் என்று ஒருவன் ஒரே இராத்திரியில் விழுங்கிவிட்டான். பழி தீர்க்கும்வரை சோற்றைத் தொடுவதில்லை என்று எட்டுப் பேரும் சபதம் செய்து கிளம்புகிறார்கள். அதன் பிறகு நடந்துகொண்டே இருந்தார்கள்.

புகைக்காரருக்கு யார் மேலாவது வருத்தம் என்றால் அந்த ஆள் மறுநாள் கதையில் பூதமாக வருவான். ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருநாள் அவருக்கு அரை நாள் கூலியை வெட்டினார். சாயங்காலம் அதே தொப்பையும் அதே மீசையும் வைத்த ஒரு சேற்றுப் பூதம் கதைக்குள் நுழைந்தது. சங்கத்தார் அதைக் கொல்ல நான்கு நாள் எடுத்துக்கொண்டார்கள், ஒவ்வொரு அங்கமாக. ஐந்தாம் நாள் மண்டோரின் சம்சாரம் கையில் முட்டையோடு புகைக்கூடத்துக்குப் போனாள்.

"புகையண்ணே, இன்னிக்கு ஒரேடியா முடிச்சு விட்டுருங்கண்ணே. மனுசன் சாப்பிட மாட்டேங்கிறாரு."

"தலை மட்டும்தான் பாக்கி இருக்கு தங்கச்சி. முட்டைய அங்க வச்சிட்டுப் போ, பாக்கலாம்."

ஜப்பான்காரன் வந்தான். வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார். பெரிய கிராணியும் குடும்பத்தோடு எங்கோ போய்விட, அலுவலகம் என் கைக்கு வந்தது. ஜப்பானிய மொழி வகுப்புக்குப் போய் ஓரளவு பேசக் கற்றுக்கொண்டேன். ஒருநாள் கதை நடுவில் ஒரு சிப்பாய் வந்து நின்றுவிட்டான். புகைக்காரர் அப்போது ஒரு பேயின் கழுத்தை எப்படி அறுப்பது என்று கையால் காட்டிக்கொண்டிருந்தார். கூட்டம் உறைந்து போனது. என்ன பேசுகிறான் என்று சிப்பாய் கேட்டான். மரவள்ளி நடவு பற்றிச் சொல்கிறார், குச்சியை எந்த இடத்தில் வெட்ட வேண்டும் என்று காட்டுகிறார் என்றேன். சிப்பாய் மெச்சிக்கொண்டு போனான். அன்று புகைக்காரர் என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "கிராணியாரே, நீங்க எனக்கு மேல புளுகுறீங்க." என் வாழ்க்கையில் நான் வாங்கிய பாராட்டுகளில் அதை மிஞ்சியது இல்லை.

பிறகு அரிசி நின்றது. தோட்டம் முழுக்க மரவள்ளிதான், காலையும் மாலையும். பிள்ளைகள் வயிறு வீங்கிக் கிடந்தார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை, ஜனங்கள் தங்களுக்குள் ஒரு பேச்சைக் கொண்டுவந்தார்கள். "நமக்கு என்னலா குறை? நாம சோறு இல்லாமயா இருக்கோம்? சங்கத்துல சேந்திருக்கோம், அதான் தொடல." புகைக்காரர் அதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு வீடாகப் போய், அவித்த மரவள்ளித் துண்டைக் கையில் கொடுத்துச் சபதம் செய்ய வைத்தார். கிழவர்களும் பிள்ளை பெற்றவர்களும் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு செய்தார்கள். பசி பசியாகத்தான் இருந்தது. ஆனால் அவர்கள் அதை ஒரு காரியத்துக்காகப் பட்டார்கள்.

என் வீட்டுக்கு அவர் வரவில்லை. அலுவலக ஆள் என்பதால் எனக்கு மட்டும் ஜப்பான்காரன் கொஞ்சம் அரிசி கொடுத்தான். நான் அதைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டேன். வேகும் வாசனைக்குக் கதவு ஏது.

அந்த வாரம் கதையில் ஒன்பதாவதாக ஒருவன் வந்தான். மூக்குக் கண்ணாடி, காதில் பேனா. சங்கத்தோடு பகலில் நடப்பான். புதருக்குப் பின்னால் போய்ச் சோறு தின்பான். களத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்று வீட்டில் என் மனைவி எனக்குச் சோற்றைப் போட்டுவிட்டு, தனக்குப் பக்கத்து வீட்டில் வாங்கி வந்த மரவள்ளியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நீயுமா சபதம் பண்ணினே?"

"நீங்க சாப்பிடுங்க. ஆறிடும்."

அதற்கு அடுத்து நடந்ததுதான் நான் செய்தது. சயாமுக்கு ஆள் பிடிக்க அதிகாரி வந்தான். மரத்தில் பால் வெட்டுகிறவர்களிலிருந்து ஆள் எடுத்தான். ரப்பர் தேவைப்பட்டதால் புகைக்கூடத்து ஆட்களைப் பொதுவாகத் தொட மாட்டான். இருந்தாலும் புகைக்காரரைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டான்: இந்த ஆள் இங்கே வேண்டுமா? வேண்டும் என்று சொல்ல ஒரு சொல் போதும். வேண்டாம் என்பதற்கும் ஒரு சொல்தான். நான் இரண்டாவதைச் சொன்னேன். அங்கே போகிறவர்கள் நிறையப் பேர் திரும்புவதில்லை என்பது அதற்குள் எனக்குக் காதில் விழுந்திருந்தது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லும் வழி எனக்கில்லை.

புகைக்காரர் சந்தோஷமாகக் கிளம்பினார். அதுதான் என்னை இன்னும் அறுக்கிறது. சங்கத்தார் கொஞ்ச நாளாக ஒரு பெரிய ஆற்றங்கரையில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். புகைக்காரர் பெரிய ஆறு பார்த்ததே இல்லை. எப்படிக் கடப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"சயாம்ல பெரிய ஆறு இருக்காமே கிராணியாரே?"

"இருக்கு என்கிறார்கள்."

"அப்ப நல்லதாப் போச்சு. நேர்ல பாத்துட்டு வந்தா இவங்கள அந்தப் பக்கம் ஏத்தி விட்டுருவேன். பாவம், எத்தன நாளா நிக்கிறாங்க."

லாரியில் ஏறி எல்லோருக்கும் கை காட்டினார். எனக்கும் காட்டினார்.

அதன்பின் களத்தில் யாரும் கதை சொல்லவில்லை. ஒருவன் முயன்றான். "புகையண்ணன் வந்து முடிப்பாரு, நீ சும்மா இரு" என்று உட்கார வைத்துவிட்டார்கள்.

ஜப்பான்காரன் தோற்று, வெள்ளைக்காரன் திரும்பி வந்து, சயாமில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு வந்தார்கள். சிரம்பான் ஆஸ்பத்திரியில் அவரைத் தேடி நான் மூன்று முறை அவர் படுக்கையைத் தாண்டிப் போயிருக்கிறேன். நாலாவது முறை அவரே கூப்பிட்டார். ஒரு கால் புண்ணால் பாதி கரைந்திருந்தது. தோட்டத்துக்குக் கூட்டி வந்தேன். லயத்து வீடுகளிலிருந்து ஜனங்கள் வந்து சூழ்ந்துகொண்டு அழுதார்கள். அழுது ஓய்ந்ததும் மண்டோர்தான் முதலில் கேட்டார்:

"ஆத்தத் தாண்டிட்டாங்களா?"

"தாண்டிட்டாங்க. ஆனா இப்ப எட்டுப் பேரு இல்ல."

முகாமிலும் அவர் கதை சொல்லியிருக்கிறார். பக்கத்தில் படுத்திருந்தவன் காலையில் எழுந்திருக்காவிட்டால், அவனைச் சாயங்காலமே சங்கத்தில் சேர்த்துவிடுவாராம். புதைக்க ஆளில்லாமல் எரித்த இடத்தில் பெயர்ப்பலகை ஏது. அதனால் ஒவ்வொருவனுக்கும் கதையில் ஒரு வேலை கொடுத்தார். அவன் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்தானோ அப்படியே. முனுசாமி என்று பல பேர், ராமசாமி என்று பல பேர். பெயரைச் சொன்னால் யார் என்று தெரியாது. பாடிக்கொண்டே நடக்கிறவன், எதற்கெடுத்தாலும் சண்டைக்கு நிற்கிறவன் என்று சொன்னால் பெண்டாட்டிக்குத் தெரியும். சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களில் எத்தனையோ வீடுகள் போனவன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாமல் காத்திருந்தன.

அந்த வீடுகளுக்கு அவரைக் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். பெயர்களைக் கேட்டு நான் மட்டும் போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். முடியாது. சங்கத்தை வரிசையாக நடக்க விட்டால்தான் யார் பின்னால் யார் வருகிறார் என்பது அவருக்கு ஞாபகம் வரும். நடுவில் நிறுத்தினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனவே ஞாயிற்றுக்கிழமைதோறும் என் சைக்கிள் பின்னால் அவர். ட்யூப் கிடைக்காத காலம். டயருக்குள் ரப்பர்த் துண்டுகளை அடைத்திருந்தேன். ஒவ்வொரு கல்லும் எங்கள் இருவர் பல்லிலும் பேசியது.

கோலா சாவாவில் ஒரு வீட்டில் கதை சாயங்காலம்வரை ஓடியது. உப்புத் தேடிக்கொண்டு சங்கத்துக்கு முன்னால் ஓடுகிறவன் ஒருவன் வந்தான். எங்கே தங்கினாலும் உப்பு எங்கே என்பான். பேய் வீட்டுக்குள்ளேயே போய் உப்புக் கேட்டவன். அந்த வீட்டுப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது.

"அது எங்கூட்டு ஆளு. உப்பு பத்தலன்னா தட்டத் தள்ளிருவாரு." முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "அந்த இருட்டு ராசாவக் கொன்னாங்களாண்ணே?"

"எல்லாரும் வீடு போய்ச் சேரட்டும் தங்கச்சி. அவன அப்புறம் பாத்துக்கலாம்."

அவள் தாலிக் கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். கடைசியில் சொன்னாள்: "இந்தத் தோட்டத்துக் கிராணிதான் அவர அனுப்புனான். நல்லா இருப்பானா அவன்."

எனக்கு அவள் கொடுத்த தேநீர் என் கையில் இருந்தது.

திரும்பும் வழியில் சைக்கிளை நிறுத்தாமலே சொன்னேன். நிறுத்தினால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

"அண்ணே, உங்கள அனுப்ப வேண்டியதே இல்ல. அதிகாரி கேட்டான். நான்தான் வேண்டாம்னு சொன்னேன்."

அதுவரை அவரை நான் அண்ணே என்று அழைத்ததில்லை.

"நிறுத்துங்க" என்றார். இறங்கினார். "அந்தச் சோத்துக்கா?"

"ஆமாண்ணே."

"கதையிலதானேய்யா சொன்னேன்."

அந்தக் காலோடு நடக்கத் தொடங்கினார். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனேன். லாபுவரை நடந்தே போனோம்.

அடுத்த ஞாயிறு வர மாட்டார் என்று நினைத்தேன். வாசலில் கிளம்பி நின்றார். சைக்கிளில் மட்டும் ஏறவில்லை. பல வாரம் அப்படித்தான்: அவர் முன்னால் நொண்டிக்கொண்டு, நான் பின்னால் தள்ளிக்கொண்டு. என்னால் தாங்க முடியவில்லை. போன வீடுகளில் எல்லாம், பாயில் உட்காருவதற்கு முன்பே, இவரைச் சயாமுக்கு அனுப்பிய கிராணி நான்தான் என்று சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வீட்டில் முகத்தில் தண்ணீரை ஊற்றினார்கள். ஒரு வீட்டில் ஒரு கிழவர் காரி உமிழ்ந்துவிட்டு, வந்தவன் பசியோடு போகக் கூடாது என்று பலகாரம் கொடுத்தார். இரண்டையும் வாங்கிக்கொண்டேன். பாரம் குறைகிறது என்று நம்பினேன்.

ஒருநாள் ஒரு வீட்டு வாசலில் நான் வாயைத் திறக்கும்போது புகைக்காரர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"வீட்டுக்கு வீடு இதையே சொல்லிக்கிட்டிருந்தா என் கதைக்கு எவன்யா உக்காருவான்? செத்தவன் பேரச் சொல்ல வந்திருக்கோம். அதுக்கு முன்னால உங்க பேரு எதுக்கு?"

அன்று என் பேரைச் சொல்லாமலே உள்ளே போனேன். மூலையில் உட்கார்ந்து கதை கேட்டேன். அந்த வீட்டுப் பையன் பாடிக்கொண்டே நடக்கிறவன்.

அவர் அதன்பின் சில வருஷம் இருந்தார். மன்னித்தேன் என்று சாகும்வரை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் அன்று திரும்பும்போது, மேட்டின் அடியில் நின்று காலைத் தடவிக்கொண்டிருந்தவர், சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்தார். "பள்ளம் பாத்துப் போங்க" என்றார். அவர் எடை அவ்வளவு குறைந்துபோயிருந்தது. பின்னால் இருக்கிறாரா என்று எனக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக, வழி நெடுக அவரிடம் ஏதாவது கேட்டுக்கொண்டே மிதித்தேன்.