என் உள்ளங்கை ரேகைகள் பற்றிச் சம்பந்திக்கு

கைரவானில் கம்பளக் கடை வைத்திருக்கும் மதிப்பிற்குரிய சம்பந்தி தீஜானி அவர்களுக்கு, ஸ்பாக்ஸிலிருந்து முன்ஜியின் ஸலாம். இங்கே எல்லோரும் நலம். என் கௌரவம் மட்டும் படுத்த படுக்கையாக இருக்கிறது.

பேரன் இல்யாஸின் கரப்பானுக்கு நான் என் செக்கு ஆலிவ் எண்ணெயைத் தேய்க்கப் போனதும், மருமகள் விதாத் தடுத்ததும், "அரிப்பு உங்க வீட்டுது, எண்ணெய் எங்க வீட்டுது"ன்னு நான் வாயை விட்டதும், அவள் பிள்ளையோடு உங்களிடம் வந்துவிட்டதும் தாங்கள் அறிந்ததே. பெருநாள் நெருங்குகிறது. வாங்கிக் கட்டிய ஆட்டுக்குப் பெயர் வைக்கக்கூட இங்கே பிள்ளை இல்லை.

இதற்கிடையில், கரப்பான் வந்த பிள்ளைகளின் குடும்பத்தாரிடம் தோல் புரதங்களை ஆராய்கிறோம், வாருங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர் ஹாஜர் கூப்பிட்டார். குற்றம் உங்கள் பக்கம்தான் என்று விஞ்ஞானமே சொல்லட்டும் என்று முதல் ஆளாகப் போனேன். கையில் டேப்பை ஒட்டி உரித்து, அதோடு வருகிற தோலில் புரதத்தை அளப்பார்களாம். எதையும் பூசாமல் வரச் சொல்லியிருந்தார்கள். எண்ணெயை நான் பூச்சுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை, அதனால் வழக்கம்போல முழங்கை வரை தடவிக்கொண்டு போனேன். ஒட்டிய டேப்பெல்லாம் வழுக்கி விழ, திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுவாரம் காய்ந்த கையோடு போய் உட்கார்ந்தேன், டேப் ஒட்டியது. சந்தோஷத்தில் உள்ளங்கையையும் விரித்துக் காட்டினேன். இத்தனை ரேகை மந்திரிக்குத்தான் இருக்கும் என்று சின்ன வயதில் குறிகாரி சொன்ன கையல்லவா, என் எண்ணெய்க் கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிப் பழக்கம்.

டாக்டர் உற்றுப் பார்த்தார். "இது அதிர்ஷ்டம் இல்ல மாமா. ரேகை இப்படி நெருக்கமா இருந்தா, தோலைக் கட்டிக் காக்குற புரதம் ஒண்ணு உங்களுக்குக் குறைச்சல்னு தோணுது. பேரனுக்கும் உங்க வழியாத்தான் வந்திருக்கும்."

"அப்போ எண்ணெய்?"

"சாலட்ல ஊத்துங்க."

டேப்பில் வந்த தோலை அளந்த முடிவும் அதையே சொன்னது. வீட்டுக்கு வந்தால் என் மனைவி மனூபியா, "மந்திரி வந்துட்டாரு, வழிய விடுங்க" என்று அன்று முழுக்கச் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன். காரணம் தெரிந்துவிட்டதே சம்பந்தி, அதில் எனக்கு வெட்கத்தைவிடச் சந்தோஷமே அதிகம். டாக்டர் எழுதிக்கொடுத்த களிம்பை வாங்கி வைத்திருக்கிறேன். விதாத் அன்றைக்கே சொன்ன அதே களிம்பு. எண்ணெய் ஜாடியைக் குளியலறையிலிருந்து சமையலறைக்குக் குடிமாற்றியாயிற்று. "மாமா தோத்துட்டாராம், மன்னிப்புக் கேக்குறாராம், வீட்டுக்கு வாம்மா"ன்னு நீங்களே அவளிடம் சொல்ல வேணும்.

தங்கள் வீட்டில் ரொட்டியும் சிரிப்பும் குறையாதிருக்க இறைவன் அருளட்டும்.

தங்கள்,
முன்ஜி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது மனூபியா ஒன்றை ஞாபகப்படுத்தினாள். நிக்காஹ் அன்று நாம் கைகோத்தபோது உங்கள் உள்ளங்கையிலும் இதே போல ரேகைகள் நெருக்கியடித்துக்கொண்டிருந்ததையும், "ரெண்டு மந்திரிங்க சம்பந்தி ஆயிட்டோம்" என்று நாம் மார்தட்டிக்கொண்டதையும். தயவுசெய்து வெளிச்சத்தில் கையை விரித்துப் பாருங்கள். இருந்தால், மேலே கேட்ட மன்னிப்பில் பாதியை, பேரனோடு தாங்களே நேரில் கொண்டுவந்து திருப்பித் தரவும்.