லிம்பெர் கொடுத்த பாதி மருந்து

ஒரூரோ,
அக்டோபர் 11, சனிக்கிழமை

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்கா பசீலியாவுக்கு,

தம்பி செவேரோ பணிந்து எழுதிக்கொள்வது. புவெனோஸ் ஐரெசில் நீயும் உன் தையல் மிஷினும் குறையில்லாமல் இருக்க மாதாவை வேண்டுகிறேன். இங்கே நான் சுகம், பேண்டில் நான் ஊதும் டியூபா சுகம், என் மகள், உன் மருமகள் நெலிதா இருபத்தாறு நாளாக வலிப்பே வராமல் சுகம். கடைசிச் செய்திக்கு மட்டும் அவசரப்பட்டுச் சந்தோஷப்பட்டுவிடாதே. போனில் சொன்னால் நீயும் அழுவாய், நானும் அழுவேன், விஷயம் பாதியில் நிற்கும். அதனால்தான் கடிதம்.

ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் வலிப்புக்குப் புது மருந்து ஆராய்ச்சி நடக்கிறது, சேர்த்துவிடு என்று தொல்லை செய்தவள் நீதான். சேர்த்தேன். டாக்டரம்மா மொந்தானோ பதினான்கு பக்கம் வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்கினாள். பாட்டிலை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று எட்டாம் பக்கத்தில் இருந்ததாம். அதை வாசிக்கும்போதுதான் நெலிதாவுக்கு வலிப்பு வந்தது. நான் பிள்ளையைப் பார்ப்பேனா, எட்டாம் பக்கத்தைப் பார்ப்பேனா? மற்றதெல்லாம் கேட்டேன். பழைய மாத்திரையோடு கூட இந்த மருந்து. பாதிப் பிள்ளைகளுக்குத்தான் உண்மையான மருந்து, மீதிப் பேருக்கு ஆரஞ்சு வாசனை போட்ட சீனித்தண்ணீர். யாருக்கு எது என்பது நம்பர் போட்ட உறைக்குள் இருக்கிறது. எனக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்கே தெரியாது. எங்கள் பேண்டில் என்ன பாட்டு என்று தெரியாமல் ஒருவன் ஊதினால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவோம். அங்கே அதற்குப் பட்டம் கொடுத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுத் தொமித்திலாவின் மகன் லிம்பெரும் அதே ஆராய்ச்சியில் சேர்ந்தான். உனக்குத் தெரியும், அவன் என் ஞானப்பிள்ளை, ஞானஸ்நானத்தில் ஏந்தி நின்றவன் நான். இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம். வலிப்பு வராத நாளில் சூரியன் வரைய வேண்டும், வந்த நாளில் மேகம். லிம்பெரின் நோட்டில் இரண்டு மாதம் ஒரே வெயில். நெலிதாவின் நோட்டைத் திறந்தால் குடை பிடிக்க வேண்டும். சந்தேகம் தீர நானும் ஒரு ஆராய்ச்சி செய்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை நெலிதாவின் பாட்டிலில் ஒரு கரண்டி குடித்தேன், ஒன்றும் ஆகவில்லை. அடுத்த ஞாயிறு லிம்பெருடையதில் ஒரு கரண்டி குடித்தேன், ஒத்திகையில் டியூபாவைக் கட்டிப்பிடித்தபடி தூங்கிப்போனேன். அத்தோடு தெருவே தீர்ப்புச் சொல்லிவிட்டது, மருந்து லிம்பெருக்கு, சீனித்தண்ணீர் நெலிதாவுக்கு.

ஜூன் மாதம் தொமித்திலா பாட்டிலோடு வந்து நின்றாள். "அண்ணே, எம் புள்ள சூரியனா வரையுறான், ஒங்க புள்ள மேகமா வரையுறா. எனக்கு வாயில வச்சது எறங்கல. பாதி எடுத்துக்குங்க" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நம் தெருவில் ஒரு வீட்டுக்குக் கூரை போட்டால் பத்து வீட்டுக் கை வரும், இன்று நீ எனக்கு, நாளை நான் உனக்கு. கூரைக்கு உள்ள முறை மருந்துக்கும் ஆகும் என்று நினைத்துவிட்டோம். இரண்டு பாட்டிலையும் ஒரே பானையில் கொட்டிக் கலக்கித் திரும்ப ஊற்றினோம். ஒரு சொட்டு கூடக் குறையக் கூடாது என்று அவள் இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப்பிடித்து மட்டம் பார்த்தாள். மாதாமாதம் இப்படியே செய்தோம்.

நெலிதாவுக்கு மேகம் குறைந்தது. ஆகஸ்டில் லிம்பெருக்கு மேகம் திரும்பி வந்தது. நிறுத்திவிடலாம் என்றேன். இந்த பாட்டில் முடியட்டும் அண்ணே என்றாள். நானும் சட்டென்று சரி என்றேன், அதுதான் என்னைத் தின்கிறது. செப்டம்பர் பதினெட்டாம் தேதி காலையில் அவள் ரொட்டி வாங்கப் போய்த் திரும்பினாள். அதற்குள் அவன் படுக்கையில் குப்புறக் கிடந்தான். வலிப்பிலேயே போய்விட்டான். எட்டு வயசு, அக்கா. ஞானத்தந்தை முறைக்கு நான்தான் வெள்ளை உடுப்புப் போட்டுவிட்டேன். முப்பது வருஷமாக டியூபாவின் பொத்தானை அமுக்கிய விரல், அந்தச் சின்னச் சட்டைக்குப் பொத்தான் போட வரவில்லை.

பாட்டிலில் மிச்சம் இருந்ததை ஆஸ்பத்திரிக்குத் திருப்பித் தர வேண்டும். தொமித்திலா கொட்டிப்போயிற்று என்று சொல்லிவிட்டு, அதை நெலிதாவிடம் கொண்டுவந்து கொடுத்தாள். பெத்த பிள்ளை வாயிலிருந்து பிடுங்கி ஊரான் பிள்ளைக்கு ஊத்தினாள் என்று குழாயடியில் அவள் காதுபடவே பேசுகிறார்கள். இங்கே நெலிதா சூரியன் வரைந்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அடுத்த நிமிஷம் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பிள்ளை இறந்தால் உறையைப் பிரித்துப் பார்ப்பார்களாம். செவ்வாய்க்கிழமை என்னையும் தொமித்திலாவையும் டாக்டரம்மா வரச் சொல்லியிருக்கிறாள். கலந்து ஊற்றியதை நான் மூச்சு விடப்போவதில்லை, விட்டால் நெலிதாவின் மருந்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். நீ அடுத்த மாதம், செத்தவர்களுக்குப் படைக்கும் புனிதர் நாளுக்கு வந்துவிடு. லிம்பெருக்கு மேஜை போட்டு பிள்ளை உருவத்தில் ரொட்டி சுட்டு வைக்க வேண்டும். திரும்பும்போது நெலிதாவைக் கூட்டிக்கொண்டு போய்விடு. இந்தப் பிள்ளை தொமித்திலா கண்ணெதிரே ஓடி விளையாடுவது நியாயமே இல்லை.

உன் கைக்கும் ஊசிக்கும் மாதா துணை இருக்கட்டும். நெலிதா உனக்கு இரண்டு முத்தம் தரச் சொன்னாள்.

உன் தம்பி
செவேரோ

பி.கு.: செவ்வாய்க்கிழமை மாலை. இதைத் தபாலில் போட மறந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் நான் வாயைத் திறக்குமுன் தொமித்திலாவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளைகளின் பெயரையும் ஆராய்ச்சியிலிருந்து அடித்துவிட்டு, உறையைப் பிரித்தாள். மருந்து இருந்தது நெலிதாவின் பாட்டிலில். லிம்பெருடையது சீனித்தண்ணீர். அந்த இரண்டு மாத வெயில் தானாக வந்ததாம், சில பிள்ளைகளுக்கு அப்படி ஆகுமாம். மருந்து பிடிக்கக் கொஞ்ச நாள் ஆகுமாம், அதற்குள் நாங்கள் அதைப் பாதியாக்கிவிட்டோம். நான் தூங்கியது முந்தின நாள் கல்யாணத்தில் குடித்த சோளக் கள்ளால். இனி ஆராய்ச்சிக்கு வெளியே நெலிதாவுக்கு அதே மருந்தை முழு அளவில் கொடுப்பார்கள்.

எனக்கு நிம்மதியாக இருந்தது, மறைக்கமாட்டேன். உன் மேல் ஒரு பழியும் இல்லை என்று தொமித்திலாவிடம் சொன்னேன். அவளுக்கும் நிம்மதி வரும் என்று பார்த்தேன். அவள் டாக்டரம்மாவைப் பார்த்து, "அப்ப நான் குடுத்தது வெறும் சீனித் தண்ணியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றாள் டாக்டரம்மா. பஸ்ஸில் திரும்பினோம். வீட்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இத நெலிதாகிட்ட சொல்லாதீங்க. லிம்பெர் பாதி குடுத்துத்தான் பொழச்சோம்னு அவ நெனச்சிக்கிட்டே வளரட்டும். தெரு என்னை என்ன வேணும்னாலும் பேசட்டும்."

சரி என்று சொல்லிவிட்டேன். நெலிதாவைக் கூட்டிப்போக நீ வர வேண்டாம், தினமும் அவளுக்குத் தலை பின்னிவிடுவது தொமித்திலாதான். கடிதத்தைப் பத்திரமாக வைத்திரு, பிள்ளை பெரியவளானால் வாசிக்கட்டும். இந்தப் பின்குறிப்பை மட்டும் கிழித்து அடுப்பில் போட்டுவிடு.