உபரியாக வாங்கிய விண்ணப்பம்

"சின்னவ விண்ணப்பத்துல நான் கை வைக்கப் போறதில்ல" என்று கிளெய்ம் ஆபீசர் காலைக் காப்பியோடு அறிவித்தார். வீட்டில் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. போன வருஷமும் இதையே சொன்ன மனுஷன்தான்.

போன வருஷம் பெரியவளின் கல்லூரி விண்ணப்பத்தை அவர் திருத்தினார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை: வருகிற இழப்பீட்டு மனுவில் குறை கண்டுபிடித்துத் திருப்பி அனுப்புவது. சொந்த மகள் மனுவை மட்டும் சும்மா விடுவாரா? திருத்தினார், திருத்தினார், கடைசித் தேதி போய் நாலாம் நாள்வரை திருத்தினார். பெரியவள் இப்போது மருந்துக்கடைக் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறாள். அப்பாவிடம் பேச நேர்ந்தால், மீதிச் சில்லறை கொடுக்கிற குரலில் பேசுகிறாள்.

அறிவிப்பு மூன்று நாள் தாங்கியது. நாலாம் நாள் ஆபீஸ் விட்டு வந்தவர், சட்டையைக்கூடக் கழற்றாமல் சமையலறை வாசலில் நின்றார்.

"அந்த விண்ணப்பம் எங்க?"

"எதுக்கு?" மனைவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். மழலையர் பள்ளி டீச்சர். நாளெல்லாம் முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வருகிறவள்.

"சும்மா பாக்கத்தான்."

"போன தடவையும் சும்மாதான் பாத்தீங்க."

"பெத்தவன் பாக்காம வேற யாரு பாப்பாங்க? எதிர்வீட்டுக்காரர் அவர் பையனுக்கு மொத்தத்தையும் தானே எழுதிக் குடுத்தாராம்."

"ஆமா. இன்டர்வியூல பேரு கேட்டதுக்கு அவன் அப்பாவத் திரும்பிப் பாத்தானாம்."

"நான் எழுதறேன்னா சொன்னேன்? குறை இருந்தா சொல்லப்போறேன், அவ்வளவுதான்."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய், பீரோவிலிருந்து ஒரு உறையை எடுத்துவந்து நீட்டினாள். "பென்சில்ல நிரப்பியிருக்கு. வெள்ளிக்கிழமை கடைசி நாள். நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க."

இந்த வீட்டில் இவ்வளவு சுலபமாக ஜெயித்து அவருக்குப் பழக்கமே இல்லை. சந்தேகம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் முந்திக்கொண்டது. சின்னவள் அவரிடம் எதையாவது கேட்டு மூன்று வருஷம் இருக்கும். கணக்குப் பாடத்தைக்கூட ஃபோனிடம்தான் கேட்கிறாள். அது அவருக்கு வலித்தது. யாரிடமும் சொன்னதில்லை.

'நீங்கள் கடந்து வந்த பெரிய தடை எது?' என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி. நீச்சல் பயம் என்று மகள் இரண்டே வரி எழுதியிருந்தாள். இதற்கெல்லாம் எவன் இடம் கொடுப்பான்? ஆபீசர் அவளுடைய வலது காலை உடைத்தார். படித்துப் பார்த்தார், போதவில்லை. இடது காலையும் உடைத்தார். புதன்கிழமை வீட்டுக்குத் தீ வைத்தார். வியாழக்கிழமை அவரே தீராத வியாதியில் படுத்துக்கொள்ள, மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து படித்தாள். அந்த இடத்தை எழுதும்போது அவருக்கே கண் கலங்கிவிட்டது.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா" என்றாள் சின்னவள், அந்தப் பக்கமாகப் போகும்போது. அன்றைக்கு அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டுக் கல்லூரிக்குப் போனார். கவுன்டரில் இருந்த பெண் முதல் பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள்.

"சார், இது போன வருஷத்து ஃபாரம்."

வருஷம் தலைப்பிலேயே கொட்டை எழுத்தில் இருந்தது. தேதி தப்பு என்று ஊரில் பாதிப்பேர் மனுவைத் திருப்பியவர், ஒரு வாரமாக அதன் கீழேயே எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். மணி நாலேகால். இன்னொரு மருந்துக்கடை, இன்னொரு கல்லா, இன்னொரு மகள்.

"அம்மா, தயவு பண்ணி ஒரு புது ஃபாரம் குடுங்கம்மா. என் தப்புக்குப் பொண்ண தண்டிச்சுடாதீங்க."

அவள் விலாசத்தைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். "இதே வீட்டுலேருந்து அக்கா, தங்கச்சி ரெண்டு பேரும் போட்டிருக்காங்களே. மூணு வாரத்துக்கு முன்னாடியே வந்துடுச்சு. நேத்து முதல் லிஸ்ட்லயே ரெண்டு பேருக்கும் சீட் போட்டாச்சு. உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். சந்தோஷப்படத்தான் வேண்டும். பஸ்ஸில் வீடு வரைக்கும் முயற்சி செய்து பார்த்தார், முடியவில்லை.

வீட்டில் இரண்டு பெண்களும் ஸ்வீட் பெட்டியும் அம்மாவுமாக உட்கார்ந்திருந்தார்கள்.

"அந்தப் பழைய ஃபாரம் உனக்கு எங்க கிடைச்சது?"

"தப்பு வந்தா இருக்கட்டும்னு போன வருஷம் நீங்கதானே மூணு உபரியா வாங்கி வெச்சீங்க" என்றாள் மனைவி. "எங்க ஸ்கூல்ல, மத்தவங்க வேலைல கை வைக்கற குழந்தைக்குத் தனியா ஒரு பொம்மைப் பெட்டி குடுத்து ஓரமா உக்கார வெச்சுடுவோம். சமத்தா விளையாடும்."

அவர் உறையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அதிலிருக்கும் உடைந்த கால்களை என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் கேட்கத் தோன்றியது.

"சரி, பெரிய தடைன்னு ஒரு கேள்வி இருந்ததே, அதுக்கு என்ன எழுதினீங்க?"

பெரியவள் ஸ்வீட் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். மீதிச் சில்லறை கொடுக்கிற அதே குரலில் சொன்னாள்:

"ரெண்டு பேருமே உங்களத்தான்ப்பா எழுதினோம்."